முட்டைக்குள் ஒரு மூலிகைப் பரீட்சை

கடையில் விற்கும் நாமக்கல் முட்டை இந்தச் சோதனைக்கு ஆகாது. அது சேவல் சேராமல் கோழி இட்ட முட்டை. உள்ளே கரு இருக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் சொல்லிவைத்து, கரு பிடித்த முட்டைகளாக வாங்கிவர வேண்டும். ஓட்டைத் துடைத்து, 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரப்பதம் குறையாத இன்குபேட்டரில் அடுக்கிவைக்கிறார்கள். மூன்றாம் நாள் இருட்டறையில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தால், ஓட்டுக்குள் மெல்லிய சிவப்பு இழைகள் தெரியத் தொடங்கும். கரு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அன்றைக்கே ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் கரு ஓட்டை விட்டுச் சற்றுக் கீழே இறங்கும். அதற்கு நேர் மேலே, ஓட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சன்னல் வெட்டி, டேப் ஒட்டி, முட்டையை மறுபடி இன்குபேட்டருக்குள் வைப்பார்கள். எட்டாம் நாள் வாக்கில் டேப்பைப் பிரித்தால், சன்னலுக்குக் கீழே ஈரம் மின்னும் ஒரு சவ்வு. தடித்த ரத்தநாளம் ஒன்று இரண்டாகப் பிரிந்து, அவை ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, கண்ணுக்கு எட்டாத நுனி வரை அதில் ஓடிக்கொண்டிருக்கும். இலைச்சாற்றில் ஊறி உலர்ந்த சின்னஞ்சிறு காகித வில்லை ஒன்றை அந்தச் சவ்வின் மேல் வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, வில்லையைச் சுற்றிப் புதிய கிளைகள் முளைத்திருக்கின்றனவா, முளைக்காமல் நின்றுவிட்டனவா என்று மைக்ரோஸ்கோப்பின் கீழே எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஆய்வகங்களில் 'கேம் அஸே' என்று அழைக்கப்படும் இந்தச் சோதனை, மூலிகை ஆராய்ச்சியில் இன்று பல நாடுகளில் நடக்கிறது. செலவு குறைவு, ஒரு வாரம் பத்து நாளில் பதில் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்பதில்தான் பெரிய குழப்பம். முட்டையில் நாளங்களை நிறுத்திய இலை, மறுநாளே 'புற்றுநோயை ஒழிக்கும் மூலிகை' என்று வாட்ஸ்அப்பில் உலா வரத் தொடங்கிவிடுகிறது. முட்டைக்கும் மருந்துக்கும் நடுவே கடக்க வேண்டிய படிகள் பல. அந்தப் படிகளில் ஏறி மருந்தான இலைகளும் உண்டு, பாதியிலேயே நின்றுபோனவையும் உண்டு.

கடுகளவில் நின்றுபோன கட்டி

ரத்தநாளம் வளர்வதை எதற்காக நிறுத்த வேண்டும்? அந்தக் கேள்வியின் தொடக்கம் 1960-களின் ஆரம்பத்தில், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் இருக்கிறது. ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர் அங்கே ரத்தத்துக்கு மாற்றாக ஒரு திரவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பிக்குள் அந்தத் திரவத்தைச் செலுத்தி உயிரோடு வைத்து, அதில் புற்றுச் செல்களை விட்டுப் பார்த்தார். அவை வளர்ந்தன, ஆனால் கடுகளவு வந்ததும் நின்றுபோயின. செத்துவிட்டனவோ என்று எடுத்து எலியின் உடலில் வைத்தால், மளமளவென்று பெருத்தன. எலியின் உடலில் அவற்றுக்குக் கிடைத்து, தனியே வைத்த சுரப்பியில் கிடைக்காமல் போனது ஒன்றுதான்: புதிதாக முளைத்துவரும் ரத்தநாளம்.

1971-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஃபோக்மன் தன் கருத்தை எழுதினார். ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் கட்டிக்கு ரத்தம் வேண்டும். அதற்காகக் கட்டியே ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்து நாளங்களைத் தன்னை நோக்கிக் கிளைவிட வைக்கிறது. அந்தக் கிளைகளை முளைக்கவிடாமல் செய்தால் கட்டி பட்டினியில் கிடக்கும். பலரும் அன்றைக்கு இதை ஏற்கவில்லை. 1989-ல் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, நாளங்களை வளரத் தூண்டும் 'விஇஜிஎஃப்' என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டிய பிறகு எதிர்ப்பு தணிந்தது. அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் பெவாசிஸுமாப், 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய நிலையில் இருந்த நோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, இடைநிலை ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது.

ஏறத்தாழ ஐந்து மாதம். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய காலம். ஆனால் இந்த வழியில் வந்த மிகச் சிறந்த மருந்துகளில் ஒன்று கொடுத்ததே அவ்வளவுதான் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு கஷாயம் புற்றை முற்றாக அழித்துவிடும் என்று யாராவது சொன்னால், முதலில் நினைவுக்கு வர வேண்டிய எண் இது.

கண் மருத்துவத்தில் இதே மருந்துவகை இன்னும் நன்றாகப் பலித்தது. முதுமையில் வரும் மாக்குலா சிதைவிலும், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படும்போதும், முளைக்கக்கூடாத இடத்தில் நாளங்கள் முளைத்துக் கசிகின்றன. விழிக்குள் ஊசியாகப் போடும் மருந்து அந்தக் கசிவை அடக்கி, பலருக்குப் பார்வையைக் காப்பாற்றுகிறது. விலையை நினைத்து, புற்றுநோய்க்கான பெவாசிஸுமாபையே சிறு சிறு அளவாகப் பிரித்து இந்தியக் கண் மருத்துவமனைகளில் போடுகிறார்கள். ஆகவே, நாளங்களை நிறுத்தும் மலிவான பொருள் ஒன்று ஏதேனும் இலையில் கிடைக்குமானால் அது நிச்சயம் வேண்டியதுதான். முட்டையின் முன் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்கள் வீண் வேலை செய்யவில்லை.

ஏன் கோழிமுட்டை?

குஞ்சு வெளியே வர 21 நாள். அதுவரை கருவுக்கு நுரையீரல் வேலையைச் செய்வது ஓட்டை ஒட்டியிருக்கும் இந்தச் சவ்வுதான். ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்றை வாங்கிக் கருவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், சில நாளிலேயே சவ்வு முழுவதும் நாளங்களாக நிறைந்துவிடும். உடலில் வேறெங்கும் இவ்வளவு வேகமாக, இவ்வளவு தட்டையாக, கண்ணெதிரே நாளங்கள் வளர்வதைப் பார்ப்பது அரிது. கருவின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அப்போது முதிர்ந்திருக்காது என்பதால், வெளியிலிருந்து வைத்த திசுவை அது தள்ளிவிடுவதும் இல்லை. 1911-லேயே பெய்டன் ராஸும் ஜேம்ஸ் மர்ஃபியும் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் கோழியின் புற்றுக்கட்டியை இப்படி முட்டைக்குள் வளர்த்துக் காட்டினார்கள்.

ஆனால் இந்தச் சவ்வு எளிதில் ஏமாற்றிவிடும். சன்னல் வெட்டும்போது ஓட்டின் தூசி மேலே விழுந்தால், அந்த எரிச்சலிலேயே நாளங்கள் அங்கே கூடிவிடும். வில்லையைச் சுற்றிச் சவ்வு காய்ந்துபோனால், நாளங்கள் குறைந்ததுபோல் தெரியும். இலையைச் சாராயத்திலோ மெத்தனாலிலோ ஊறவைத்துச் சாறெடுத்திருந்தால், அந்தக் கரைப்பானில் எஞ்சிய துளியே செல்களைக் கொன்றிருக்கலாம். அதனால் வெறும் கரைப்பானை மட்டும் ஏற்றிய வில்லை சில முட்டைகளில் கட்டாயம் இருந்தாக வேண்டும்; நாளங்களை நிறுத்தும் என்று ஏற்கெனவே நிரூபணமான பொருள் வேறு சில முட்டைகளில் இருக்க வேண்டும். கிளைகளை எண்ணுகிறவருக்கு எந்த முட்டையில் என்ன வைத்தது என்று தெரியக்கூடாது. இலை வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை எண்ணும் விரலையும் வளைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. ஷாம்பூ, சோப்பு போன்றவை கண்ணில் பட்டால் எரிச்சல் தருமா என்று பார்க்கவும் இதே சவ்வைத்தான் பயன்படுத்துகிறார்கள். பொருளை ஒரு துளி விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் நாளங்கள் கசிகின்றனவா, சிதைகின்றனவா, ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பார்கள். அப்படியானால், ஒரு மூலிகைச் சாறு பட்டதும் நாளங்கள் மறைந்தன என்ற செய்திக்கு இரண்டு பொருள் உண்டு. நாளங்களை முளைக்கவிடாத நுட்பமான பொருள் அதில் இருக்கலாம். அல்லது துவர்ப்பும் காரமும் ஏறிய அந்தச் சாறு சவ்வைப் புண்ணாக்கியிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத ஆய்வு முடிவை நம்பி யாரும் எதையும் குடிக்கக்கூடாது.

நல்ல ஆய்வகங்கள் இதனால்தான் முட்டையோடு நிற்பதில்லை. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த நாளச் செல்களை ஜெல் மீது வளர்த்து அவை குழாய்போல் கூடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். எலியின் பெருந்தமனியை மோதிரம் மோதிரமாக நறுக்கி, அதிலிருந்து கிளை வருகிறதா என்று பார்க்கிறார்கள். கண்ணாடிபோல் உடல் ஊடுருவித் தெரியும் வரிமீன் குஞ்சுகளில் சோதிக்கிறார்கள். நாளச் செல்லை நிறுத்தும் அளவு மற்றச் செல்களை ஒன்றும் செய்யாமல் இருந்தால்தான் அந்தச் சாறு விஷம் இல்லை, மருந்தாக வாய்ப்பு உண்டு என்ற பேச்சுக்கே இடம்.

தேயிலை சொன்ன செய்தி

இலைச்சாற்றுக்கு இந்தத் துறையில் உலகக் கவனம் கிடைத்தது 1999-ல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த யிஹாய் காவோவும் ரென்ஹாய் காவோவும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பச்சைத் தேயிலையில் உள்ள 'இஜிசிஜி' என்ற பொருள் கோழிக்கருவின் சவ்வில் நாள வளர்ச்சியைத் தடுத்தது. தண்ணீருக்குப் பதில் பச்சைத் தேநீரை மட்டும் குடித்த எலிகளின் கருவிழியிலும் புதிய நாளங்கள் குறைவாகவே வளர்ந்தன. முட்டையில் தொடங்கி, உயிருள்ள விலங்கு வரை, வாய்வழியே குடித்தும் பலித்த இலை என்பதால் பரபரப்பு இயல்பாகவே எழுந்தது.

பிறகு என்ன ஆயிற்று? தேநீர் குடிப்பதால் மனிதர்களுக்குப் புற்று வராமல் தடுக்கப்படுகிறதா என்று எத்தனையோ ஆய்வுகள் வந்தும், 2020-ல் அவற்றைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு தெளிவான பதில் இல்லை என்றே சொன்னது. குடலைத் தாண்டி ரத்தத்தில் சேரும் இஜிசிஜியின் அளவு மிகக் குறைவு. செறிவான மாத்திரையாகக் கொடுத்து அளவைக் கூட்டினால், ஈரல் அடிவாங்குகிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. 2009-ல் இன்னும் கவலை தரும் செய்தி வந்தது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுக்குத் தரப்படும் போர்டெசோமிப் மருந்தை இஜிசிஜி பிடித்துச் செயலிழக்க வைக்கிறது என்று செல்களிலும் எலிகளிலும் கண்டறிந்து 'பிளட்' இதழில் வெளியிட்டார்கள். புற்றுக்கு எதிரி என்று பெயரெடுத்த இலை, புற்று மருந்துக்கே எதிரியாக நின்றது.

அந்த இலை வீணாகவும் போகவில்லை. பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து செய்த ஒரு களிம்பு, பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாவரச் சாறு என்ற வகையில் அந்நாட்டு மருந்து ஆணையம் மருத்துவர் சீட்டு மருந்தாக ஏற்ற முதல் மருந்து அதுவே. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததும் உண்மையான மருந்து.

சுடுகாட்டு மல்லியின் வழி

நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் நித்தியகல்யாணி என்றும் அழைக்கும் செடியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய 25 இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிளின் கைக்கு வந்தன. ஜமைக்கா மக்கள் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்து வந்தார்கள். நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவில்லை. மாறாக, சாறு ஊசியாக ஏற்றப்பட்ட எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் தேடிப்போய் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். 1958-ல் அதை அறிவித்தார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே காலத்தில் அதே செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுச் சிகிச்சையில் இன்றளவும் முதல் வரிசையில் நிற்கிறது.

வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டு நாற்பது ஆண்டுக்குப் பிறகுதான் கோழிமுட்டை கதைக்குள் வருகிறது. 1999-ல் இத்தாலியின் பாரி நகரத்து ஆய்வாளர்கள், செல்களைக் கொல்லாத மிகச் சிறு அளவு வின்பிளாஸ்டினை முட்டைச் சவ்வில் வைத்துப் பார்த்தார்கள். நாள வளர்ச்சி நின்றது. மறுவருடம் டொரண்டோவில் ராபர்ட் கெர்பலின் குழு, அதே மருந்தைச் சிறு அளவில் தொடர்ந்து கொடுத்து, கூடவே நாளத் தூண்டலைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தையும் சேர்த்து எலிகளின் கட்டிகளைக் கரைய வைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுப்பதற்குப் பதிலாக, சிறு அளவில் இடைவிடாமல் கீமோ கொடுத்துக் கட்டியின் நாளங்களைக் குறிவைக்கும் முறை இப்படித்தான் வலுப்பெற்றது. முட்டை இங்கே செய்தது ஓர் அழகான வேலை: பழைய மருந்து ஒன்றுக்குப் புதிய பயன்பாட்டைக் காட்டிக்கொடுத்தது.

தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கிறார்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அந்த 500 கிலோவிலும் இருக்கும் மற்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளை ஒதுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் சுத்தமாகப் பிரித்து, உடல் பரப்புக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து, சிரை வழியே ஏற்றுவதுதான் சிகிச்சை. சர்க்கரைக்கு நல்லது என்று இதன் பூவையும் இலையையும் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோபிளின் எலிகளுக்கு நேர்ந்ததை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அமுக்கராவும் வரிசையில் இருக்கிறது. அதன் இலையில் மிகுதியாக உள்ள வித்தாஃபெரின்-ஏ, நாளச் செல்களை மிகக் குறைந்த அளவிலேயே தடுப்பதாக 2004-ல் கென்டக்கிப் பல்கலைக்கழகக் குழு காட்டியது. நம்பிக்கை தரும் பொருள்தான். மருந்தாக இன்னும் வரவில்லை.

எந்தச் செடி, எந்த ஊர், எந்த மாதம்

மூலிகைச் சோதனைகளில் முட்டைக்கு முன்பே தவறு நடக்கும் இடம், செடியைப் பறிக்கும் இடம். கீழாநெல்லி என்று சந்தைக்கு வரும் கட்டுகளில் ஒரே பேரினத்தின் பல இனங்கள் கலந்திருப்பது ஆய்வாளர்கள் பலமுறை கண்ட உண்மை. 1988-ல் சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் தலைமையிலான குழு, கீழாநெல்லிப் பொடியை மஞ்சள்காமாலை-பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கொடுத்து 'லான்செட்' இதழில் எழுதியது. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க் அந்த ஆய்வின் கூட்டாளி. ஆனால் பிற நாடுகளில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இனம் வேறா, மண் வேறா, தயாரித்த விதம் வேறா என்ற விவாதம் பல ஆண்டு நீண்டது.

அதனால்தான் ஆய்வுக்கு எடுத்த செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத்திலோ, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ காட்டி, இன்ன செடிதான் என்று எழுதி வாங்குகிறார்கள். அந்தச் சான்று எண் இல்லாத ஆய்வறிக்கையில் முட்டை எவ்வளவு அழகாக நிழற்படம் எடுக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. பறித்த மாதமும், நிழலில் உலர்த்தினார்களா வெயிலிலா என்பதும், தண்ணீரில் இறக்கியதா சாராயத்தில் இறக்கியதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே இலையின் தண்ணீர்ச் சாறும் சாராயச் சாறும் இரண்டு வேறு பொருள்கள்.

உண்மையிலேயே வேலை செய்தால்?

மூலிகை விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பக்கம் ஒன்று உண்டு. ஓர் இலை நிஜமாகவே நாள வளர்ச்சியை நிறுத்துமானால், அது கட்டியைப் பார்த்து மட்டும் நிறுத்தாது. புண் ஆறுவதற்குப் புதிய நாளம் வேண்டும். பெவாசிஸுமாப் போடுகிறவர்களுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அந்த மருந்தை நிறுத்திவைப்பது இதனால்தான்.

கர்ப்பத்தில் இது இன்னும் கொடியது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, 1961-ல் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் குறைபட்டுப் பிறக்க வைத்தது. எப்படி என்ற கேள்விக்கு முதல் துப்பு 1994-ல் ஃபோக்மனின் ஆய்வகத்தில் ராபர்ட் டி'அமாட்டோவிடம் கிடைத்தது: அந்த மருந்து முயலின் கருவிழியில் நாள வளர்ச்சியை நிறுத்தியது. 2009-ல் நீல் வார்கெசனின் குழு, தாலிடோமைடின் நாளத்தடுப்புப் பண்பு கொண்ட ஒரு சேர்மத்தைக் கோழிக்கருவில் செலுத்திப் பார்த்தது. முளைவிடும் கைகால் மொட்டுகளில் இளநாளங்கள் அழிந்தன, உறுப்புகள் குட்டையாயின. கட்டாயக் கட்டுப்பாடுகளோடு அதே தாலிடோமைடு இன்று மல்டிபிள் மைலோமாவுக்கு மருந்து. எந்தப் பண்பு குழந்தையைச் சிதைத்ததாக இந்த ஆய்வுகள் சுட்டுகின்றனவோ, அதே பண்பைத்தான் முட்டையில் ஒவ்வொரு இலையிடமும் தேடுகிறார்கள்.

அவசரத்தில் நம்பிக்கையை ஊதிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதையும் ஃபோக்மனின் வாழ்க்கையே காட்டியது. அவருடைய ஆய்வகத்தில் எலிகளின் கட்டிகளைச் சுருக்கிய எண்டோஸ்டாட்டின், ஆஞ்சியோஸ்டாட்டின் ஆகியவை பற்றி 1998 மே 3-ம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் எழுதியது. அவற்றின் உரிமம் பெற்றிருந்த நிறுவனத்தின் பங்கு 12 டாலரிலிருந்து மறுநாளே 50-ஐத் தாண்டியது. மருத்துவமனைகளின் தொலைபேசிகள் ஓயவில்லை. மனிதர்களிடம் சோதித்தபோது எலிகளில் கண்டது நடக்கவில்லை. ஃபோக்மன் தொடக்கத்திலிருந்தே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை.

தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் இளைஞர்கள் இலைச்சாறு பிழிவதும் முட்டையில் சன்னல் வெட்டுவதும் நல்ல அறிவியல் பயிற்சி. அதை நிறுத்த வேண்டியதில்லை; அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தப் பொருள் நாளத்தைத் தடுக்கிறது என்று பிரித்தெடுக்க வேதியியல் துறையும், நஞ்சு அளவைப் பார்க்க மருந்தியல் துறையும், செடியை உறுதிசெய்யத் தாவரவியல் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பத்து இலைகளை மேலோட்டமாகச் சோதித்துப் பத்துக் கட்டுரை போடுவதைவிட, ஓர் இலையைக் கடைசி வரை துரத்துவது மேல். வழிகாட்டும் பேராசிரியர்களும் நிதி கொடுக்கும் அமைப்புகளும் மனது வைத்தால் நடக்கக்கூடியதுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் யார் சொன்னதைக் கேட்டும் சிகிச்சையை நிறுத்திவிட்டு இலைச்சாற்றுக்கு மாறாதீர்கள். கர்ப்பிணிகளும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் செறிவூட்டிய மூலிகை மாத்திரைகளைத் தாமாகத் தொடங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கஷாயமோ பொடியோ எடுத்துவந்தால், அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பாக்கெட்டையும், பறித்துக் குடிக்கிற இலை என்றால் அதில் ஒரு கொத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.